முன்சக்கரத்து ஃபோர்க்

கோலசிலாங்கூர்
5 ஆகஸ்ட் 2024

அன்பு மகள் தனேஸ்வரிக்கு,

அப்பா எழுதுவது. முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு காரியத்துக்கு வருகிறேன்.

போன சனிக்கிழமை ரவாங்கில் ஒரு மோட்டார் சாமான் கடைக்குப் போனேன். கையில் துண்டில் சுற்றிய ஒரு இரும்புக் கவட்டை. கடை முதலாளி தவுக்கே பிரித்துப் பார்த்து, ஹோண்டாவா யமஹாவா என்று கேட்டார். நான் ஏரோப்ளேன் என்றேன். கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். தவுக்கே சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, வெயிலில் வந்திருக்கிறீர்கள், உட்காருங்கள் என்று தண்ணீர் போத்தல் கொடுத்தார். வீட்டு நம்பர் ஞாபகம் இருக்கிறதா, யாரையாவது கூப்பிடவா என்று வேறு கேட்டார். தண்ணீரைக் குடித்துவிட்டு, பைத்தியக்காரன் மாதிரியே எழுந்து வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். நான் வேலை செய்யும் தோட்டத்து ஓடுபாதைக் கொட்டகையில் கேப்டன் ரவீந்திரனின் பழைய விமானம் இருக்கிறது, உனக்குத் தெரியும். எழுபத்திரண்டில் செய்தது, நாலு பேர் உட்காரலாம். என்னை அவர் ஸ்டோர் கீப்பர் என்று சொல்லிக்கொள்வார். விமானத்தைக் கழுவுவது, கேட்டைத் திறப்பது, மாட்டை விரட்டுவது, எல்லாம் அதில் அடக்கம். பிப்ரவரியில் மெக்கானிக் கோகிலன் வந்து பார்த்தபோது, முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கில், அதாவது அந்தக் கவட்டையில், வெடிப்பு என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து விமானம் தரையில்தான். சுபாங்கில் கேட்டாயிற்று, சிங்கப்பூரில் கேட்டாயிற்று. வெளியூர் வியாபாரிகள் இரண்டு பேர் அனுப்பிய ஃபோர்க் இரண்டும் சேரவில்லை. ஒன்று அகலம், ஒன்று துளை இடம் மாறி.

கேப்டன் தினமும் வந்து விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்கிப் போகிறார். எழுபது வயது மனுஷன். பார்க்கச் சகிக்கவில்லை. பழைய விமானங்களைப் பிரித்துச் சாமான் விற்கும் இடத்தில் லைசென்ஸ் வைத்திருக்கும் மகள் எனக்கு இருக்கும்போது, நான் எதற்கு மோட்டார் கடையில் தண்ணீர் குடிக்க வேண்டும்?

நீ என்னோடு போனில் பேசுவதில்லை. அம்மாவிடம் சொல்லி அனுப்பியதை அவள் அப்படியே ஒப்பித்தாள்: “அவருக்கு ஏதும் சொல்லணும்னா எழுதச் சொல்லும்மா. போன்ல பேசினா சிரிக்க வைப்பாரு, எது நெசம்னு தெரியாது.” அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். ஆறாம் பாரம் வரை படிப்பு எட்டாத கை, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்.

இப்படிக்கு,
அப்பா சன்னாசி


பிரிஸ்பேன்
27 ஆகஸ்ட் 2024

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மோட்டார் கடைக் கதையைப் படித்துச் சிரிப்பு வரவில்லை என்று எழுதத்தான் ஆசை. வந்தது. அதனாலேயே கோபமும் வந்தது.

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறீர்கள், அதுவும் கேப்டனுக்காக. என்னைப் பெண் பார்க்க வந்தார்களே, அன்றைக்கு நீங்கள் சொன்னதைப் பற்றி ஒரு வரி இல்லை. “எங்க பொண்ணு கையில மருதாணி நிக்காதுங்க, கிரீஸ்தான் நிக்கும்.” எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சிரித்துவிட்டு என் கையைப் பார்த்தார். பிறகு அந்த வீட்டிலிருந்து போனே வரவில்லை. அது போகட்டும், அவர்கள் வேண்டாம். நீங்கள் அதைச் சொல்லிவிட்டு, யார் யார் சிரித்தார்கள் என்று சுற்றிப் பார்த்தீர்கள். என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. அது இன்னும் போகவில்லை.

இனி வேலை.

எழுபத்திரண்டு என்று சொன்னால் எந்த வியாபாரியாலும் சரியான சாமான் அனுப்ப முடியாது. ஒரே வருஷத்தில் பாதி விமானத்துக்கு ஒரு ஃபோர்க், பாதிக்கு இன்னொன்று. அதற்கு மேல், ஐம்பது வருஷத்தில் கை மாறிய விமானம், யார் எதை மாற்றி வைத்தார்கள் என்று தெரியாது. எனக்கு வேண்டியது: விமானத்தின் தகட்டில் இருக்கும் வரிசை எண். ஃபோர்க்கில் அச்சடித்திருக்கும் எண். உள் அகலம். துளைகளின் இடைவெளி. அளவை நீங்கள் எடுக்க வேண்டாம், கோகிலன் எடுக்கட்டும்.

இன்னொன்று. எங்கள் தொழிலில் தாள் இல்லாத சாமான் சாமானே இல்லை. யார் சோதித்தது, யார் கையெழுத்துப் போட்டது என்ற தாள் கூடவே வரவேண்டும். கேப்டனுக்கு இது தெரியும். அவசரத்தில் மறந்துவிடுவார், அவரைப் போன்றவர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன்.

தனேஸ்வரி


கோலசிலாங்கூர்
16 செப்டம்பர் 2024

அன்பு மகளுக்கு,

நீ கேட்ட வரிசை எண்ணைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். கோகிலன் எடுத்த அளவும் இருக்கிறது. நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்ததோடு சரி. ஃபோர்க்கில் எண் இல்லை, தேய்ந்துவிட்டது. கண்ணாடி வைத்துப் பார்த்தோம், கரி தடவிப் பார்த்தோம். கடைசியில் கேப்டன் ஏதோ எட்டு தெரிகிறது என்றார், கோகிலன் மூன்று என்றான். என்னைக் கேட்டார்கள், நான் முருகன் வேல் தெரிகிறது என்றேன். இரண்டு பேரும் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கேப்டன் முன்போல் இல்லை. சுங்கை புரோங் வயல் மேலே இப்போது விமானமில்லை, ட்ரோன்தான் மருந்து அடிக்கிறது. கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். “சன்னாசி, ஒரு தடவை. கடலோரமா செகிஞ்சான் வரைக்கும் போய்ட்டுத் திரும்பிட்டா போதும். அப்பறம் வித்துடலாம்லா,” என்றார். அதை எத்தனை தடவை சொல்லிவிட்டார்.

பெண் பார்த்த அன்று பற்றி எழுதியிருந்தாய். படித்தேன். அம்மாவிடம் காட்டவில்லை. அந்த மாதிரி ஆட்கள் வீட்டுக்குள் வந்தால் எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்கிறது. தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி முன்னால் நின்று பழகிய வாய், பயந்தால் சிரிக்க வைக்கும். இது சமாதானம் இல்லை. உன் பக்கம் பார்க்காதது ஏன் என்றால், உன் முகத்தைப் பார்த்தால் பாதியில் நிறுத்தவேண்டி வரும் என்று தெரியும்.

அப்பா


பிரிஸ்பேன்
4 அக்டோபர் 2024

அப்பாவுக்கு,

அளவுகளைப் பார்த்தேன். எது என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது, ஆனால் கிட்டத்தட்ட என்பது எங்கள் வேலையில் செல்லாது. மூன்றாவது முறையும் தவறான சாமான் வந்தால் கேப்டன் என்னைத்தான் சொல்வார்.

அதனால் ஒரு மாதிரி அனுப்புகிறேன். எங்கள் ஷெல்ஃபில் கழித்துப்போட்ட ஃபோர்க் ஒன்று இருந்தது. பார்த்தால் புதிது போல இருக்கும். சிவப்புச் சாயம் ஊற்றிச் சோதித்தபோது கழுத்துப் பக்கம் முடி அளவுக்கு வெடிப்பு தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. இதை மாட்டக்கூடாது. பழைய ஃபோர்க்கின் மேல் வைத்துப் பாருங்கள், துளைகள் சேர்ந்தால் கோகிலன் எனக்கு எழுதட்டும். அதே எண்ணில் நல்ல சாமான் ஒன்று நியூசிலாந்தில் இருக்கிறது, தாளோடு வரவழைக்கிறேன்.

பறக்க ஆகாது என்று தெரிய, ஃபோர்க்கின் இரண்டு கையிலும் சிவப்புப் பெயிண்ட் அடித்து, சிவப்புச் சீட்டும் கட்டியிருக்கிறேன். பெட்டி கம்பெனி கூரியரில் வரும், சொந்தக் கடிதம் உள்ளே வைக்க அனுமதி இல்லை. இதைத் தபாலில் போடுகிறேன்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்தேன். இப்போது பதில் எழுத முடியவில்லை. தீபாவளிக்குள் எழுதுகிறேன்.

தனேஸ்வரி


கோலசிலாங்கூர்
25 அக்டோபர் 2024

அன்பு மகளுக்கு,

அம்மா போனில் பாதி சொல்லியிருப்பாள். முழுவதும் நான் சொல்கிறேன்.

உன் பெட்டி ஆயுத பூசைக்கு முன்தினம் வந்தது. கேப்டனும் நானும் கொட்டகையில் வைத்துத் திறந்தோம். பழைய ஃபோர்க்கின் மேல் வைத்தோம், துளைக்குத் துளை உட்கார்ந்தது. கேப்டன் என் தோளைப் பிடித்து அழுத்தினார். மறுநாள் வழக்கம்போல் பூசை போட்டேன். ஸ்பேனர், ஜேக், ஏணி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். உன் ஃபோர்க்கைத் தாம்பாளத்தில் நடுவில் வைத்து அதற்கும் வைத்தேன். விமானத்து முன்விசிறிக்கு மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். உன் அம்மா சுண்டல் கொண்டுவந்தாள். என் மகள் அனுப்பியது என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

அடுத்த வாரம் கோகிலன் வந்தான். தாள் எங்கே என்று கேட்டான். கேப்டன், “தாள் பின்னால வருதுப்பா. சன்னாசி மக, லைசென்ஸ் உள்ள பொண்ணு, கண்டதையா அனுப்பும்?” என்றார். கோகிலன் ஃபோர்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கேப்டன் தனியாக ஏறினார். செகிஞ்சான் வரை போய்த் திரும்பினார், அதுவரை எல்லாம் சரி. இறங்கும்போது முன்சக்கரம் தரையைத் தொட்டதும் மடங்கிவிட்டது. மூக்கு குத்தி, விசிறி மண்ணைக் கிளறி, விமானம் ஒரு சுற்று சுற்றி நின்றது. ஓடினேன். கேப்டன் கண் திறந்தபடி இருந்தார். “என் கால் எங்க இருக்கு பாரு, சன்னாசி,” என்றார். கால் அங்கேயேதான் இருந்தது. அவருக்குத்தான் தெரியவில்லை.

முதுகெலும்பு. அறுவை முடிந்துவிட்டது. நடப்பாரா என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன்.

அப்பா


பிரிஸ்பேன்
9 நவம்பர் 2024

அப்பாவுக்கு,

இந்த முறை நீங்கள் சிரிக்க வைக்கும் வரி ஒன்றும் எழுதவில்லை. நான் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதில் ஒன்றும் இல்லை.

கேப்டன் பக்கத்து வக்கீல் எங்கள் கம்பெனிக்கு எழுதியிருக்கிறார். ஃபோர்க் எந்தக் குறியும் இல்லாமல், சீட்டும் இல்லாமல், நல்ல சாமான் போல வந்தது என்று. உடைந்த துண்டிலும் பெயிண்ட் இல்லையாம். கம்பெனி என்னைக் கூப்பிட்டுக் கேட்டது. அடித்தேன் என்றேன். யார் பார்த்தார்கள் என்றார்கள். சனிக்கிழமை, நான் தனியாக வேலை செய்த நாள். யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கழுவிய பிறகும் என் நகக்கண்ணில் சிவப்பு இருந்தது, எனக்கு நினைவு இருக்கிறது. அதைச் சாட்சியாகச் சொல்ல முடியுமா?

என் கையெழுத்து உரிமையை நிறுத்திவைத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை ஒரு போல்ட்டைக்கூட நான் சரி என்று சொல்லக்கூடாது. குறி இல்லாமல் அனுப்பினேன் என்று முடிவானால் லைசென்ஸே போய்விடும். அப்பா, இதற்காக நான் எத்தனை பேர் சிரித்ததைத் தாங்கினேன் என்று உங்களுக்குத் தெரியும். அதில் உங்கள் சிரிப்பும் ஒன்று.

பெட்டியைத் திறந்தது இரண்டே பேர். ஒருவர் கேப்டன், வக்கீல் வைத்துவிட்டார். இன்னொருவர் நீங்கள். அங்கே விமானத் துறை அதிகாரி உங்களைக் கூப்பிடுவார். என் பிழைப்பு இப்போது உங்கள் வாயில் இருக்கிறது. சிவப்பு இருந்ததா இல்லையா? எனக்கும் எழுதுங்கள். சுற்றி வளைக்காமல்.

தனேஸ்வரி


கோலசிலாங்கூர்
2 டிசம்பர் 2024

அன்பு மகளுக்கு,

வியாழக்கிழமை புத்ராஜெயா போய் வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன், கல்யாணத்துக்குப் போகிறாயா என்று பஸ்காரர் கேட்டார். பழக்கம், விடு, அதைக் கோடு போட்டு அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்.

அதிகாரியிடம் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன். சிவப்புப் பெயிண்ட் இருந்தது. சீட்டும் இருந்தது. கேப்டன் கவனிக்குமுன், பூசைக்கு வைக்கும் சாமான் அழுக்காக இருக்கக்கூடாது என்று தின்னர் ஊற்றித் துடைத்தது நான். சீட்டை அறுத்து, பூசை முடிந்ததும் வாழையிலையோடு சேர்த்துக் குப்பையில் போட்டதும் நான். அது ஒரு குறி என்று எனக்குத் தெரியவில்லை, அனுப்பும்போது ஒட்டிய கறை என்று நினைத்தேன். தின்னர் போட்டால் மிச்சம் ஒன்றும் தெரியாதுதான் என்று அதிகாரியே எழுதிக்கொண்டார். அவர் மலாய்க்காரர், நல்ல மனிதர். இப்படி ஒரு பூசை இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார். இருக்கிறது, லோரிக்குக்கூடப் பொட்டு வைப்போம் என்றேன். பூசையில் எடுத்த போட்டோ ஒன்றைக் கொடுத்தேன். ஃபோர்க் பளபளவென்று தாம்பாளத்தில் இருக்கிறது.

கேப்டனின் தம்பி கொட்டகைச் சாவியை வாங்கிக்கொண்டார்.

உனக்கு ஒன்றும் ஆகாது. நிம்மதியாக இரு.

அப்பா


பிரிஸ்பேன்
20 ஜனவரி 2025

அப்பாவுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. என் மேல் தவறில்லை. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நன்றி என்று எழுதத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னதற்கு யாராவது நன்றி சொல்வார்களா?

ஆனால் ஒன்று கேட்கிறேன். சிவப்பு என்றால் நில் என்று சாலையில் போகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். டிராக்டர் பட்டறையில் அத்தனை வருஷம் ஃபிட்டராக இருந்த உங்களுக்குத் தெரியாதா? சீட்டில் இருந்த எழுத்தைப் படித்துப் பார்க்கத் தோன்றவில்லையா? நான் என் கையால் எழுதிக் கட்டியது. உங்களுக்கு அதைவிடப் பளபளப்பு முக்கியம். வந்தவர்களிடம் காட்ட வேண்டும், என் மகள் அனுப்பியது என்று சொல்ல வேண்டும். அன்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால் என் கையைக் காட்டிச் சிரிக்க வைத்தீர்கள். இந்தத் தடவை என் வேலையைத் துடைத்துவிட்டுக் காட்டினீர்கள். அதில் ஒரு மனிதர் முதுகு உடைந்து கிடக்கிறார்.

இங்கே எனக்குப் புதுப் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். விசாரணையில் நான் ஒரே சொல்லில் நின்றது மேலதிகாரிக்குப் பிடித்துவிட்டது. இனி கழிக்கும் சாமான் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். இதுவரை, நான் தனியாக இருந்த அந்தச் சனிக்கிழமை தவிர, இரண்டு பேர் பார்ப்பார்கள், குறி இருக்கிறதா என்று. எனக்கு இரண்டாவது ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் கை மறக்காது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும்.

சித்திரைக்கு வரச் சொல்லி அம்மா கூப்பிடுகிறார். வரவில்லை. நீங்களும் கொஞ்ச காலம் எழுத வேண்டாம்.

தனேஸ்வரி


கோலசிலாங்கூர்
16 பிப்ரவரி 2025

தனத்துக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். இதைக் கிழித்துப் போடுவதாக இருந்தாலும் கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கிழி.

எனக்கு இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வாசல் காவலுக்கு ஜாகா வேலை. விசில் கொடுத்திருக்கிறார்கள். கார்கள் என் விசிலுக்கு நிற்கின்றன, வாழ்க்கையில் முதல்முறை. கோகிலனின் உரிமையையும் நிறுத்திவிட்டார்கள், தாள் இல்லாமல் மாட்டியதற்கு. ரவாங்கில் ஏர்கான் கழுவுகிறான். கோயிலில் பார்த்தேன், வணக்கம் சொன்னேன், பக்கத்தில் நின்ற தூணைப் பார்த்தான்.

தைப்பூசம் முடிந்து கேப்டனைப் பார்க்கப் போனேன். அவர் தம்பி உள்ளே விடவில்லை. கேப்டனே வாசலுக்கு வந்தார், நாலு கால் வைத்த கம்பியைத் தள்ளிக்கொண்டு. ஒரு அடி வைப்பதற்குள் அவர் நெற்றியெல்லாம் வேர்வை. அவருடைய சொந்த ஆளே குறியைத் துடைத்தான் என்பதால் எந்தப் பக்கமிருந்தும் அவருக்கு நஷ்டஈடு ஒன்றும் கிடைக்கவில்லை. விமானத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். நான் வாங்கிப் போன பழத்தைக் கீழே வைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

“சன்னாசி. பெட்டியத் தொறந்தது நீயும் நானும். கத்தி உன் கையில இருந்துச்சு, மூடியப் புடிச்சது நான்.”

நான் கீழே வைத்த பழத்தைப் பார்த்தேன்.

“எனக்கு ஒரு பொண்ணு இருந்திருந்தா நானும் இப்படித்தான் சொல்லியிருப்பேனோ என்னமோ. எனக்குப் பொண்ணு இல்லய்யா. முதுகுதான் இருந்துச்சு.”

அப்படியே திரும்பிப் போய்விட்டார். திரும்புவதற்கே அவருக்கு வெகு நேரம் ஆனது. நான் அதுவரை நின்றேன். பழத்தை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அவர் சொன்னதை மனதிலேயே வைத்துக்கொண்டு செத்துப் போகலாம் என்றுதான் இருந்தேன். நீ என்னைத் திட்டி எழுதியதெல்லாம் எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய், ஆனால் அது எனக்குச் சரிதான். திட்டு வாங்கிக்கொள்வதற்காகத்தானே அப்படிச் செய்தேன். உனக்கு அப்பா மேல் ஏற்கெனவே கோபம், அதன் மேல் இன்னொன்றைப் போட்டால் பாரம் தெரியாது என்று நினைத்தேன். உன் கடிதம் முழுவதையும் அப்படியே விழுங்கியிருப்பேன். ஒரு வரி தொண்டையில் நின்றுவிட்டது. இரண்டாவது ஆள் வேண்டாம், என் கை மறக்காது.

தனம், உன் அம்மாவிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. உன் கடிதம் வந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கொட்டகைக்குப் போனேன். அந்தப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். பஞ்சை உதறினேன். டேப்பைக்கூடப் பிரித்துப் பார்த்தேன். குப்பைத் தொட்டியைக் கொட்டி, சுண்டல் காய்ந்து ஒட்டிய இலையை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். அங்கே நான் தேடியது உன் சீட்டை. கிடைத்திருந்தால் துள்ளியிருப்பேன். என்னையே போலீசில் பிடித்துக் கொடுத்திருப்பேன்.

நீ பொய் சொல்கிறாய் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. நகக்கண்ணில் இருந்தது அந்தச் சோதனைச் சாயமாக இருக்கும், செய்ததாக நீ நம்புகிறாய். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பொய் சொல்கிற ஆள் அடுத்த தடவை பயந்து பார்ப்பான். நீ பார்க்க மாட்டாய். பார்க்கத் தேவையில்லை என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தது என் வாக்குமூலம். எங்கோ ஒரு ஊரில் ஒரு கேப்டன், என் முகம் தெரியாதவர், நீ அனுப்பிய பெட்டியைத் திறந்து அழகாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவார். அவர் தோளைப் பிடித்து நிறுத்த நான் அங்கே இருக்க மாட்டேன். இங்கே இருந்தபோதே நிறுத்தவில்லை.

இதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கம்பெனியிடம் சொன்னால் உன் வேலை போகும், என்னையும் பொய் சாட்சி என்று பிடிப்பார்கள். சொல்லாவிட்டால் நமக்குள் இருக்கும். அந்த இரண்டாவது ஆளையாவது திரும்பக் கூப்பிடு. அதற்கு மேல் உன் இஷ்டம்.

புத்ராஜெயாவில் அந்த அதிகாரி பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்தபோது சிவப்பு இருந்ததா என்று கேட்டார். கோலசிலாங்கூரில் பஸ் ஏறியதிலிருந்து அவர் மேசை வரைக்கும் ஒரே சொல்லைத்தான் வாயில் வைத்துக்கொண்டு போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னேன். விழுங்கியதை இப்போது எழுதுகிறேன், சத்தமாக யாரிடமும் சொன்னதில்லை.

இல்லை.